ஆடலும் படமும் அழியலாமா?

1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைப்பதில்லை. 1948-ல் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் உருவாக்கிய நாட்டியச் சித்திரமான ‘கல்பனா’வோ, டிஜிட்டல் முறையில் செப்பனிடப்பெற்று 2012-ல் கான் விழாவில் மறுபிறவி கண்டது. அக்கைங்கரியம் நடந்ததோ இத்தாலியில்!

திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுக்கள் ஆடல் மகளிரைக் குறிப்பிடும்; அவர்தம் ஆடலைக் காட்டா. படச்சுருளோ ஆடலையே காட்டும். ஓர் அடவை நிறுத்தியும் திருப்பியும் பன்முறை ஆராய்வதற்குக் கணினி இடந்தருகிறது. இவ்வசதி இராயபுரத்துத் துறைமுகத் தொழிலாளியின் மகளுக்கும் உரியதன்றோ?

எஞ்சியுள்ள பழஞ்சுருள்களை டிஜிட்டல் வடிவாக்கி, எண்ணூர் வரையுள்ள பொது நூலகங்களில் கட்டணமின்றிக் காணச் செய்வது சர்க்காரின் கடமை என வற்புறுத்துகிறோம். கல்வெட்டுக் காத்திருக்கும், படச்சுருள் காத்திராது.