பூட்டைக் குப்பையில் போட்டுவிட்டு சாவிக்கு அலைகிறவர்கள்

பழைய கார்களைப் புதுப்பிக்கிற கூட்டத்தில் ஒரு விசித்திரமான வியாதி இருக்கிறது. 1960களில் வந்த பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்குவார்கள். துருவை வெட்டியெடுத்து, அசல் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் பழைய மாதிரியே தோல் தைத்து, எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்துக் கோத்து, வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள். கடைசியில் சாவி விஷயம் வரும். கையில் இருப்பது என்றைக்கோ யாரோ தெருமுனைக் கடையில் வெட்டி வாங்கிய, தேய்ந்துபோன நகல். பத்து தடவை போட்டால் மூன்று தடவைதான் திரும்பும்.

உடனே என்ன செய்வார்கள்? பூட்டைப் பிடுங்கிக் கடாசிவிட்டு, இக்னிஷன் சுவிட்சும் கதவுப் பூட்டும் சேர்ந்த புத்தம்புது செட் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. "சாவி அசல் மாதிரி இல்லையே" என்று பிறகு தூக்கம் வராது. பழைய கம்பெனி பெயர் பொறித்த வெற்றுச் சாவியைத் தேடி உலகம் முழுக்க வலைவீச ஆரம்பிப்பார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் காரோடு வாழ்ந்த பூட்டு குப்பைத்தொட்டியில். நேற்று வந்த பூட்டின் சாவிக்கோ கிழவன் வேஷம்! இதற்குப் பெயர் அசல்தன்மையாம்.

சாவி என்பது என்ன? பித்தளையிலோ நிக்கல் சில்வரிலோ செய்த ஒரு தகடு. அதன் தலையில் இருக்கும் பெயர் விளம்பரம். அதன் பல்லில் இருப்பதுதான் விஷயம், அதாவது ஓர் எண். அந்த எண்ணைத் தீர்மானிப்பது பூட்டு. பூட்டு அசலாக இருந்து, எண் சரியாக இருந்தால், போன வாரம் வெட்டிய சாவிகூட அந்தக் காரின் சாவிதான். பூட்டு போய்விட்டால் அருங்காட்சியகத்திலிருந்து சாவி கொண்டுவந்தாலும் அது வெறும் கீசெயின் அலங்காரம்.

இதில் கொடுமை என்னவென்றால், பிரிட்டிஷ் கார்களுக்கு இந்த எண்ணைக் கண்டுபிடிப்பதைப் போல சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. எம்ஜி, மினி, டிரையம்ப், ஜாகுவார் ஈ-டைப் என்று 1960களின் பல கார்களில் 'எஃப்எஸ்' வரிசைச் சாவிகள் வந்தன. எஃப்எஸ் 876 முதல் எஃப்எஸ் 955 வரை, மொத்தம் 80 சாவிகள். எண்பதே எண்பதுதான்! லட்சக்கணக்கான கார்கள் அந்த எண்பதுக்குள் அடக்கம். 'எஃப்ஏ' வரிசை கொஞ்சம் தாராளம், 501 முதல் 625 வரை 125. போதாததற்கு, அந்த எண்ணைப் பெரும்பாலும் இக்னிஷன் பூட்டின் முகத்திலேயே அடித்து வைத்திருந்தார்கள். கார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிற எவனும் படித்துக்கொண்டு போய் சாவி வாங்கலாம். (அந்தக் காலத்துத் திருடர்கள் நல்லவர்கள் போலிருக்கிறது.)

இன்றைக்கும் பிரிட்டிஷ் கார் உதிரிபாகம் விற்கிறவர்களிடம் எண்ணைச் சொன்னால் வெட்டிய சாவி கையில் வந்துவிடும். பழையதுதான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கிலாந்தின் பியூலியூவில் 1967 முதல் நடக்கிற பழைய உதிரிபாகச் சந்தை மாதிரி இடங்கள் இருக்கின்றன. பெட்டியைக் கிளறி, தன் பூட்டின் எண்ணுள்ள சாவியை எடுத்தால் அது நிஜமாகவே ஒரு புதையல். ஆனால் அதற்குப் பூட்டு கையில் இருக்க வேண்டும், சாமி!

சரி, பூட்டு முகத்தில் எண் இல்லை, தேய்ந்த சாவி மட்டும்தான் இருக்கிறது என்றால்? இங்கேதான் அடுத்த கூத்து. அந்தத் தேய்ந்த சாவியைக் கடையில் கொடுத்து நகல் எடுப்பார்கள். நகல் இயந்திரம் ஒரு பக்கம் பழைய சாவியைத் தடவிக்கொண்டே மறுபக்கம் புதுச் சாவியை வெட்டும். தேய்மானத்தையும் பக்தியோடு வெட்டிக் கொடுக்கும். கூடவே தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையையும் சேர்க்கும். நகலின் நகலின் நகல் என்று போய்க் கடைசியில் சாவி திரும்பாது. பழி மட்டும் பூட்டின் மேல்.

சரியான வழி, சாவியை நகல் எடுப்பதல்ல, படிப்பது. முதலாம் ஆண்டு லேப்பில் எல்லோரும் திட்டிக்கொண்டே தொட்ட வெர்னியர் காலிப்பர் இதற்குப் போதும். 1967க்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டும் ஐந்து உயரங்களில் ஏதாவது ஒன்று: 0.315, 0.290, 0.265, 0.240, 0.215 அங்குலம். படிக்குப் படி 0.025 அங்குலம், அதாவது 0.635 மில்லிமீட்டர். இடைப்பட்ட உயரம் என்று எதுவும் தொழிற்சாலையில் கிடையாது. ஆகவே தேய்ந்த சாவியில் ஒரு வெட்டு 0.276 என்று காட்டினால், அது ஏதோ ஒரு படியிலிருந்து நழுவி வந்தது என்று அர்த்தம். எந்தப் படி? கிட்டே இருப்பது 0.265. அவசரக்காரர் அதைத்தான் எழுதுவார். ஆனால் உலோகம் தேயும், வளராது. 0.265 ஆக வெட்டியது 0.276 ஆக முடியாது. எனவே அது 0.290 ஆகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்படி ஆறு வெட்டுக்கும் கண்டுபிடித்து, எண்ணைப் பார்த்து வெட்டும் இயந்திரத்தில் கொடுத்தால், தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றிருந்த சாவி திரும்பக் கிடைக்கும். (கையில் இருப்பது ஏற்கெனவே ஒரு மட்டமான நகல் என்றால் இந்தக் கணக்கை நம்பக் கூடாது, பிழை இரண்டு பக்கமும் போயிருக்கும். அப்போது பூட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் தகடுகளையே பார்த்துவிடுவது உத்தமம்.)

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்குகூட வேண்டாம். கதவுக் கைப்பிடியைக் கழற்றினால் அதன் உள்தண்டில் சாவி எண் அடித்திருக்கும். கைப்பிடியில் குரோம் மங்கிவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் அதையும் சேர்த்தே எறிகிறார்கள்.

அமெரிக்க கார்கள் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். அங்கே அசல்தன்மை என்பது நாடகம் மட்டுமல்ல, காசு. ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பூட்டு செய்து கொடுத்த மில்வாக்கியின் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் கம்பெனியின் பழைய சாவிகளில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. சாவித் தலையில் ஒரு குட்டித் துண்டு, அதில் எண். வாங்குகிறவர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அந்தத் துண்டைத் தட்டி எடுத்துவிடலாம். சாவி தொலைந்தாலும் கண்டெடுப்பவருக்கு எண் தெரியாது. எளிமையான, புத்திசாலித்தனமான பாதுகாப்பு. இன்றைக்கு அந்தத் துண்டு விழாமல் இருக்கும் சாவிக்குத்தான் மவுசு! தட்டி எடுப்பதற்காகவே செய்த துண்டு எடுக்கப்படாமல் இருந்தால் கூடுதல் விலை. அந்த மாதிரி துண்டோடு புதிய வெற்றுச் சாவிகளும் விற்பனைக்கு வருகின்றன. அதில் ஓர் எண்ணை அடித்து, "காரோடு பிறந்த சாவி" என்று சொல்லி விற்க எவ்வளவு நேரம் ஆகும்?

அடிக்கிறவர்கள் பூட்டைப் பற்றி யோசிப்பதில்லை என்பதுதான் ஆறுதல். 1967 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆண்டுக்கு ஆண்டு சாவியின் பள்ளத்தை மாற்றி, அதற்குரிய எழுத்தைத் தலையில் அடித்தது. 1969க்கு இக்னிஷன் சாவி 'ஈ', டிக்கி சாவி 'எச்'. இது வெறும் எழுத்தல்ல. 'ஈ' சாவி வேறு பள்ளமுள்ள பூட்டுக்குள் நுழையவே நுழையாது. ஆகவே பின்னாளில் வேறு பள்ளமுள்ள பூட்டை மாட்டிவிட்டு 'ஈ' சாவியைக் காட்டுகிறவர், காட்சிக்கு ஒரு சாவி, ஓட்டுவதற்கு ஒரு சாவி என்று இரண்டு வைத்துக்கொண்டால்தான் உண்டு. அதேபோல, பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் 1995இல் பூட்டுத் தொழிலை ஸ்டிராடெக் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பழைய பெயரோடு பளபளவென்று புதிதாக மின்னும் சாவியைப் பார்த்தால், எந்த அலமாரியிலிருந்து வந்தது என்று கேட்பது வாங்குகிறவரின் கடமை.

"பூட்டே தேய்ந்துவிட்டால் என்னய்யா செய்வது?" என்று சண்டைக்கு வருவார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இவ்வகைப் பூட்டுக்குள் தேய்வது பெரும்பாலும் சின்னச் சின்னத் தகடுகளும் ஸ்பிரிங்குகளும்தான். அவற்றை மாற்றலாம், பழைய எண்ணுக்கே கோக்கலாம். அதற்குப் பொறுமையான ஒரு பூட்டுக்காரர் வேண்டும். கார்புரேட்டருக்கு ஆறு மாதம் காத்திருக்கிறவருக்குப் பூட்டுக்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாதா? உடலே உடைந்துபோயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. அப்போதும் பழைய பூட்டின் எண்ணுக்கே புதுப் பூட்டைக் கோத்துத் தரச் சொல்லலாம். பழையதை ஒரு டப்பாவில் போட்டு காரோடு கொடுத்து அனுப்பலாம். புதுச் சாவியைப் புதுச் சாவி என்றே சொல்லலாம். அதன் தலையில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று இல்லாததால் எந்த எஞ்சினும் கோபித்துக்கொண்டு நின்றுவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டும் பூட்டைப் பிடுங்கத்தான் போகிறேன் என்பவர், ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் பழைய டூத் பிரஷ்ஷால் பூட்டின் முகத்தைத் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்க்கட்டும். அழுக்குக்குக் கீழே இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்கட்டும். குப்பைத்தொட்டி எங்கேயும் ஓடிப்போகாது.