மோட்டார் பாரவண்டியின் பின்கதவு எவ்வளவு பாரம் தாங்கும்?

நம் கிராமங்களில் மாட்டு வண்டிகள் செய்துவந்த வேலையின் பெரும்பகுதியைச் சிறு மோட்டார் பாரவண்டிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. 2005-ஆம் வருஷத்தில் டாடா ஏஸ் வண்டி வெளிவந்து, ஜனங்கள் அதனைக் 'குட்டி யானை' என்று அழைக்கத் தொடங்கிய பின்னர், சொந்தமாகவோ வாடகைக்கோ இத்தகைய வண்டியொன்றை உபயோகியாத நிலச்சுவான்தார் அரியர். களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு நெல் மூட்டையும், தோட்டத்திலிருந்து மண்டிக்கு வாழைத்தாரும், கடையிலிருந்து வயலுக்கு உரமும் இவ்வண்டிகளிலேயே போகின்றன. இவற்றின் உபகாரத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இவ்வண்டியின் ஓர் உறுப்பை, அது எக்காரியத்துக்காகச் செய்யப்படவில்லையோ அக்காரியத்துக்கு நம்மவர் நாள்தோறும் பிரயோகித்து வருகின்றனர். அதனால் நேரும் கேட்டைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அவ்வுறுப்பு பின்கதவு, வண்டிக்காரர் பேச்சில் பின்டோர்.

பின்கதவு என்பது பெயருக்கேற்ப ஒரு கதவே. அடிப்புறத்தில் கீல்களாலும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சங்கிலிகளாலும் அது வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மேலே நிமிர்த்திப் பூட்டியிருக்கும்போது சாமான் பின்னால் சரியாமல் தடுப்பது அதன் வேலை. அதனை மட்டமாக இறக்கிச் சங்கிலியில் நிறுத்தினால், தளமே ஒன்றரை அடி நீண்டுவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது. இத்தோற்றம்தான் நம்மை ஏமாற்றுகிறது. தளத்தின் அடியில் கனத்த சட்டமும் குறுக்கு விட்டங்களும் உண்டு. கதவின் அடியில் யாதொன்றும் இல்லை.

அது எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்போர், அந்தக் கிலோவை எவ்விடத்தில் வைக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 40 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கதவு மட்டமாக இறக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சங்கிலிகள் கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிக் கதவில் மாட்டப்பட்டு, கீலுக்கு நேர்மேலே 30 சென்டிமீட்டர் உயரத்தில் வண்டியின் பக்கத்தில் பிணைக்கப்பட்டிருக்கட்டும். கதவின் வெளி ஓரத்தில் 100 கிலோ வைத்தால் சங்கிலிகள் இரண்டும் சேர்ந்து இழுபடுவது 100 கிலோ அளவன்று. ஏறக்குறைய 190 கிலோ. பாரம் சங்கிலிக்கு அப்பால் நிற்பது ஒரு காரணம். சங்கிலி செங்குத்தாக இல்லாமல் சாய்ந்து இழுப்பது மற்றொன்று. அதே 100 கிலோவைக் கீலிலிருந்து 10 சென்டிமீட்டரில் வைத்தாலோ, சங்கிலிகளின் இழுப்பு 50 கிலோவுக்கும் குறைந்துவிடுகிறது. பாரம் நடுவில் இருந்தால் இரண்டு சங்கிலிகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். மூலையில் இருந்தால் அந்தப் பக்கத்துச் சங்கிலியே அநேகமாக முழுவதையும் சுமக்கும்.

இது வண்டி நிற்கும்போது உள்ள கணக்கு. ஒரு பாரம் திடீரென்று வந்து இறங்கினால் மெல்ல வைத்த பாரத்தைப்போல் இருமடங்காகத் தாக்கும் என்பது யந்திர சாஸ்திரத்தின் பாலபாடம். நெல் மூட்டை 40 கிலோ; அதைச் சுமக்கும் ஆள் 65 கிலோ. அவர் கதவின் மூலையில் காலூன்றி மூட்டையைத் தொப்பென்று போடும் கணத்தில் அந்த ஒற்றைச் சங்கிலி என்ன பாடுபடும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். வண்டி ஓடும்போதோ வரப்பு மேட்டிலும் சாலைக் குழியிலும் இத்தாக்குதல் ஒரு தடவையோடு நிற்பதில்லை.

"இத்தனை வருஷமாக ஏற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது எங்கும் கேட்கும் மறுமொழி. சில வருஷங்களுக்கு முன் ஒரு வாழைத் தோட்டத்தின் ஓரத்தில் இதே வார்த்தையைக் கேட்டேன். அப்போதுதான் சங்கிலி அறுந்து, கதவின்மேல் நின்று தார் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவர் கீழே விழுந்து கணுக்கால் முறிந்து கிடந்தார். அந்தப் பருவம் முழுவதும் அவர் வேலைக்கு வர இயலவில்லை. அறுந்த சங்கிலியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிப்புறத்தில் கண்ணிகள் புதியவைபோல் தடித்தே இருந்தன. ஒரு கண்ணியோடு மறு கண்ணி உராயும் உட்புறத்தில்தான் இரும்பு அரிக்கப்பட்டுப் போயிருந்தது. 6 மில்லிமீட்டர்க் கம்பி தேய்ந்து 4 மில்லிமீட்டரானால், மூன்றில் ஒரு பங்குதானே போயிற்று என்று நினைக்கலாகாது. கம்பியின் குறுக்குப் பரப்பில் பாதிக்குமேல் போய்விட்டது, பலமும் அவ்வாறே. உரத்தின் உப்பும், சாணத் தண்ணீரும், கடலோர ஜில்லாக்களில் உப்புக் காற்றும் இத்தேய்மானத்தைத் துரிதப்படுத்துகின்றன. நேற்றுவரை தாங்கிற்று என்பது இன்று தாங்கும் என்பதற்கு அத்தாட்சியாகாது.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய குறையுமன்று. அமெரிக்காவில் பின்கதவுகளைச் சங்கிலிக்குப் பதிலாக முறுக்கிய எஃகு வடங்களால் நிறுத்துவது வழக்கம். 2004-ஆம் வருஷத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், இவ்வடங்கள் துருவேறி அறுந்துபோகக்கூடும் என்று கண்டு, ஏறக்குறைய 40 லட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்துத் துருவேறாத எஃகு வடங்களை மாற்றித்தர நேர்ந்தது. கதவின்மேல் உட்கார்ந்தவர்களும் நின்றவர்களும் விழுந்து காயமடைந்த பின்னரே இது நிகழ்ந்தது. அங்கே சில வண்டிகளுக்குக் கதவின் தாங்குதிறனைத் தயாரிப்போரே சொல்லுகின்றனர். ஹோண்டா ரிட்ஜ்லைன் என்னும் வண்டியில், கதவைத் திறந்துவைத்து ஓட்டும்போது அதன்மேல் 300 ராத்தல், அதாவது 136 கிலோ வரை வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நம் குட்டி யானையினும் மிகப் பெரிய வண்டிக்கே அளவு இவ்வளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் வண்டியின் மெல்லிய தகட்டுக் கதவில் ஐந்தாறு மூட்டைகளை அடுக்குவோர் எந்தக் கணக்கை நம்புகிறார்களோ, அறியேன்.

கதவு தாங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் விஷயம் முடியவில்லை. மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பாராமல் நம் முன்னோர் ஒரு மூட்டைகூட ஏற்றியதில்லை. பின்பாரமாகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். மாடு திணறுவதைக் கண்டு வண்டிக்காரர் இறங்கி மூட்டையை முன்னே தள்ளுவார். மோட்டார் வண்டி திணறிக் காட்டுவதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 210 சென்டிமீட்டர் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 105 சென்டிமீட்டர் பின்னே, அதாவது அநேகமாகக் கதவின்மேல், 200 கிலோ வைத்தால் பின் அச்சின்மேல் 300 கிலோ கூடுகிறது. முன் அச்சின்மேல் 100 கிலோ குறைகிறது. திருப்புவதும் நிறுத்துவதும் முன்சக்கரத்தைப் பெரிதும் சார்ந்தவை. அவை தரையைப் பற்றுவது குறைந்துவிட்டால், ஈரச் சாலையில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகும்.

கனமான யந்திரங்களையும் மாடுகளையும் ஏற்றுவதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 400 கிலோ அளவுள்ள பவர் டில்லரை ஏற்றும்போது, இரண்டு பலகைகளை இறக்கிய கதவின் ஓரத்தில் சாய்த்து அதன்வழியே உருட்டுவதைப் பல இடங்களிலும் காண்கிறோம். யந்திரம் பலகையின் உச்சியை அடையும்போது அதன் எடை அநேகமாக முழுவதும் கதவின் வெளி ஓரத்தில், மிகவும் பலவீனமான இடத்தில், இறங்குகிறது. பசுவை ஏற்றும்போதோ அது மிரண்டு முன்னங்கால் இரண்டையும் ஒரே பக்கத்தில் ஊன்றிவிடும். செய்யவேண்டியது சுலபம். கதவை முழுவதும் கீழே தொங்கவிட்டோ கழற்றிவைத்தோ, பலகையைத் தளத்தின் விளிம்பிலேயே பதித்துக் கட்ட வேண்டும். அதைவிட நல்லது, வண்டியின் தளத்துக்குச் சமமான உயரத்தில் ஒரு மண்மேடு. களத்தின் ஓரத்தில் இரண்டு ஆட்கள் ஒருநாளில் அதைப் போட்டுவிடலாம். போட்டபின் பல வருஷம் உதவும். வாய்க்கால் கரையோ சாலை மேடோ பக்கத்திலிருந்தால் அந்த வேலையும் இல்லை. வண்டியைப் பின்னால் தள்ளிக் கரையோடு அணைத்து நிறுத்தினால் போதும்.

கரும்பும் மூங்கிலும் குழாயும் நீளமானவை, கதவைத் திறவாமல் எப்படி ஏற்றுவது என்று கேட்கலாம். அவற்றுக்கு நீளமான வண்டியை அமர்த்திக்கொள்வதே வழி. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி, பாரம் அனுமதித்த அளவுக்கு மேல் பக்கத்திலோ முன்னோ பின்னோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கும் செலவு வேறு. பெரிய வண்டியின் வாடகை இதனினும் எவ்வளவோ குறைவு.

இவை யாவற்றினும் என் மனத்தை உறுத்துவது ஆட்கள் விஷயம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் வண்டி நிறைய நெருக்கி நின்றது போக, மிஞ்சியவர் திறந்த கதவின்மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து போவதைச் சாலையில் காணாத நாளில்லை. நாலு பேர் உட்கார்ந்தால் 200 கிலோவுக்கு மேல். அதுவும் ஓடும் வண்டியில், வெளி ஓரத்தில். கூலி கொடுத்து அழைத்துப் போகிறவர் நிலத்துக்காரர். வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்லும் அதிகாரமும் அவருடையதே. பத்து நிமிஷம் தாமதமாகும் என்பதற்காக அவர் அதைச் செய்வதில்லை. சாமான் வண்டியில் சும்மா ஏறிச் சென்றவர்களுக்கு நேரும் விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002-ஆம் வருஷத்திலேயே தீர்ப்புச் செய்திருக்கிறது. 1994-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்றவர்கள் சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியுமே. ஆகவே நஷ்டஈடு வண்டிக்காரர் தலையில் விழும்; அவரிடம் இல்லாவிட்டால், முறிந்த எலும்போடு வீடு திரும்பியவளுக்கு ஒன்றுமில்லை. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் விபத்துக்குப்பின் சாட்சியாக அழைக்கப்படுகிறவர்கள். நடவுப் பருவம் தொடங்குமுன் தம் ஊர் வண்டிக்காரர்களை அழைத்து ஒரு வார்த்தை சொல்வது அவர்களுக்குப் பெரிய சிரமமன்று.

வண்டி முழுவதும் ஏற்றக்கூடிய பாரத்தைப் பதிவுப் புத்தகத்தில் குறிப்பதுபோல, கதவு தாங்கும் பாரத்தையும் தயாரிப்போர் கதவிலேயே பொறிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதுவரையில் நான் என் வண்டிக்கு வைத்திருக்கும் அளவு இது: நிற்கும்போது, சங்கிலி இரண்டும் மாட்டியிருக்க, கீலை ஒட்டி ஓர் ஆள், அவர் கையில் ஒரு மூட்டை, வண்டி புறப்படும்போது கதவு மூடியே இருக்க வேண்டும். வாடகை வண்டிக்கும் இதே நிபந்தனையை முன்னதாகப் பேசிக்கொள்கிறேன்.

சங்கிலி மாற்றுவோருக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறை கதவைத் தூக்கிப்பிடித்துச் சங்கிலியைத் தொய்யவிட்டால் கண்ணிகளின் உட்புறம் தெரியும். ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் ஒரே நீளத்தில், ஒரே கனத்தில் மாற்ற வேண்டும். ஒன்று ஒரு கண்ணி கூடுதலாயிருந்தால் மற்றதே எல்லாப் பாரத்தையும் சுமக்கும். அறுந்த இடத்தில் கட்டுக்கம்பி போட்டு முறுக்குவதும், ஒரு பக்கத்துக்குத் தேங்காய்நார்க் கயிறு கட்டுவதும் கூடா. கொக்கி மாட்டும் வளையத்தையும் அதன் பற்றவைப்பையும் அதே சமயத்தில் சுத்தியால் தட்டிப் பார்க்கவும். சங்கிலி புதிதாயிருந்தும் வளையம் பெயர்ந்து வந்த கதவுகளும் உண்டு.