அழகான ஸ்டிக்கர் வேண்டாம், தெரிகிற ஸ்டிக்கர் போதும்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பலரும் முதலில் பிறந்த நாள் வாழ்த்து அட்டை தயாரிப்பார்கள். நானும் தயாரித்தேன். அடுத்து நான் வடிவமைத்தது ஒரு சைக்கிள் ஸ்டிக்கர். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். டியூஷன் முடிந்து இருட்டிய பிறகு செங்கம் சாலையில் சைக்கிளில் வருவாள். ஒரு நாள் பின்னால் வந்த வேன் உரசி, சாலையோரம் விழுந்தாள். நல்ல வேளையாக முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. டிரைவர் இறங்கி வந்து சொன்னது ஒன்றுதான்: "தெரியவே இல்லைம்மா."

எங்கள் திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி இந்தச் செங்கம் சாலைதான். பௌர்ணமி அன்று அங்கே வாகனங்களைக் கட்டுப்படுத்துகிறார்கள். மற்ற நாட்களில் பஸ், லாரி, ஆட்டோ, நடப்பவர்கள், சைக்கிள்கள் எல்லாம் ஒரே சாலையில்தான். 2001-02 கல்வியாண்டில் தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டத்தால் ஏராளமான மாணவ மாணவியர் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். சைக்கிள் கொடுத்தாயிற்று. அது இருட்டில் தெரிய வேண்டாமா?

அன்றிரவே பெயின்ட் புரோகிராமைத் திறந்தேன். மலை, கோபுரம், சைக்கிளில் ஒரு சிறுமி, எட்டு வண்ணங்கள். கீழே, "சைக்கிளில் செல்வோரும் நம் குடும்பத்தினரே, போதிய இடைவெளி விட்டு முந்துங்கள்." மானிட்டரில் பிரமாதமாக இருந்தது. அக்கா மகள் பார்த்துவிட்டு, "மாமா, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி என் மேல ஏறிடும்" என்றாள்.

அவள் சொன்னது கணக்குப்படியும் சரி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும்.

ஸ்டிக்கர் கடைக்காரரும் அந்தப் படத்தை ஏற்கவில்லை. ரேடியம் ஸ்டிக்கர் என்று நாம் சொல்வதில் ரேடியம் கிடையாது. மேலே படும் ஒளியை, வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் ஷீட் அது. அதை வெட்டும் மெஷினுக்குக் கோடுகள்தான் புரியும். பெயின்ட் படமோ சிறு சிறு புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டு போல ஆகிவிடும்.

எனவே இங்க்ஸ்கேப் என்ற இலவச புரோகிராமை இறக்கிக்கொண்டேன். இதில் படம் கோடுகளாகவே பதிவாகும். எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கெடாது. ஒரு சைக்கிள் உருவம், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, "இடம் விடுங்க" என்று இரண்டு சொற்கள். அவ்வளவுதான். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கிளிக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் அந்த ஃபாண்ட் இல்லாதபோது தமிழ் எழுத்துகள் சிதறிப்போகும். இதைச் செய்த பின் எழுத்தைத் திருத்த முடியாது. எனவே முன்பே ஒரு காப்பி சேமித்து வையுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியைச் சற்றுப் பெரிதாக வையுங்கள். சிறிய புள்ளி, ஷீட்டை உரிக்கும்போது கையோடு வந்துவிடுகிறது.

சோதிப்பது எளிது. பின் மட்கார்டில் சிவப்பு ரேடியத்தில் ஒன்றை ஒட்டி, இரவில் ஐம்பது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். டிரைவருக்கு எப்படித் தெரியும் என்பது புரிந்துவிடும். என் முதல் முயற்சியில் எழுத்து தெரியவில்லை. உருவம் மட்டும் தெரிந்தது. எழுத்தைத் தடிமனாக்கினேன்.

பாதுகாப்பு ஸ்டிக்கர் என்றாலே நாம் சைக்கிள்காரருக்கு உபதேசம் எழுதுகிறோம். அவர் தன் பின் மட்கார்டைப் பார்த்துக்கொண்டா ஓட்டுகிறார்? படிக்க வேண்டியவர் பின்னால் வருபவர். அவருக்காக வரையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கர் தானாக ஒளிராது. வண்டி வெளிச்சம் பட்டால்தான் தெரியும். எனவே பின் விளக்கும் அவசியம். அக்கா மகளின் சைக்கிளில் இப்போது இரண்டும் இருக்கின்றன. அவள் தோழிகளுக்காக இன்னும் பன்னிரண்டு ஸ்டிக்கர் வெட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தெருவிலும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரில் அடுத்த வாழ்த்து அட்டைக்கு முன் இதைச் செய்து பாருங்களேன்.