கடனுக்கு முதலில் ஓய்வு கொடுப்போம்!

தொழிலாளி ஒருவர் ஓய்வு பெறுகிறார். ஆலை வாசலில் கூட்டம். மாலை போடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், சங்கத் தலைவர் பாராட்டிப் பேசுகிறார். அதே கூட்டத்தின் ஓரத்தில் இன்னொரு மனிதரும் நிற்கிறார். அவர் கையில் மாலை இல்லை, புரோநோட்டு இருக்கிறது. “பி.எப். பணம் எப்போது கைக்கு வரும்?” என்ற கேள்வியை வீட்டாருக்கும் முந்தி அவர்தான் கேட்கிறார்.

முப்பது ஆண்டு வியர்வை முப்பது நாளில் கரைந்துபோகிறது. மாலை வாடுமுன் பணம் வாடிவிடுகிறது. பிறகு அந்தத் தோழர் எங்கே போகிறார்? காவலாளி வேலைக்கு! 60 வயதில், இரவு முழுவதும், யாரோ ஒருவருடைய கட்டடத்தைக் காத்துக்கொண்டு நிற்கிறார். இதற்குப் பெயரா ஓய்வு? இதைத் தலைவிதி என்று சொல்லித் தேற்றிக்கொள்வோரும் உண்டு. நாம் சொல்கிறோம்: இது தலைவிதி அல்ல, கணக்கு. கணக்கு என்றால் அதைத் திருத்தவும் முடியும்.

அந்தப் பணம் யாருடையது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். முதலாளி மனமிரங்கித் தந்த இனாமா அது? இல்லவே இல்லை. உழைத்த நாளில் தராமல் பின்னாளுக்கென்று நிறுத்திவைத்த கூலி அது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. 1972இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. 1995இல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். கூலி நம்முடையது என்ற உண்மை மாறாது.

கணக்குக்கு வருவோம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் பெறும் தோழரை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 12 விழுக்காடு, 1,800 ரூபாய். முதலாளி பங்கும் 12 விழுக்காடு. ஆனால் அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போய்விடும். மீதி 550 மட்டுமே பி.எப்.பில் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய். சம்பளம் ஒரு காசுகூட உயரவில்லை, வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். 30 ஆண்டில் போட்ட பணம் 8,46,000 ரூபாய். கையைத் தொடாமல் விட்டிருந்தால் திரும்பி வருவது சுமார் 33 லட்சம்! விலைவாசி ஏற்றம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். என்றாலும் இதைவிடப் பெரிய சேமிப்பு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இதை ஒருமுறை கலைத்தால் என்ன ஆகும்? 35 வயதில் எடுத்த ஒரு லட்சம், எடுக்காமல் விட்டிருந்தால் 58 வயதில் 5 லட்சத்து 87 ஆயிரமாக நின்றிருக்கும். ஒரு நாள் விருந்துக்கும் பந்தலுக்கும் கொடுத்தது ஒரு லட்சம் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் கொடுத்தது முதுமையின் பல ஆண்டுச் சோறு!

கடனின் கணக்கு இதற்கு நேர் எதிர். மூன்று ரூபாய் வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினால் மாதம் 6,000 ரூபாய். 34 மாதத்தில் வட்டியாக மட்டுமே 2,04,000 ரூபாய் போய்விடும். அசல் அப்படியே மலை போல் நிற்கும். கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டிக்காரர் தெருவில் இருக்கிறார்.

“சிக்கனம் பேசுவது முதலாளிமாரின் உபதேசம் அல்லவா? ஓய்வூதியத்தை உயர்த்தப் போராடுவதுதானே நம் வேலை?” என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்றும், சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்றும் வைத்தார்கள். பத்தாண்டு கடந்தும், அரிசியும் மருந்தும் விலை ஏறியபோதும், இந்த இரண்டு எண்கள் மட்டும் அசையவில்லை. அந்த உச்சவரம்பின்படி முழுதாக 35 ஆண்டு சேவைக் கணக்கு உள்ளவருக்கே 7,500 ரூபாய்தான் கிடைக்கும். இது அநீதி. இதை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும்.

ஆனால் போராடுவது யார்? மாதாமாதம் வட்டி கட்ட வேண்டியவர் ஒரு வாரச் சம்பளத்தை இழக்கத் துணிவாரா? வேலைநிறுத்தம் என்றதும் அவர் மனம் கோரிக்கையை நினைக்காது, தவணையை நினைக்கும். கடன்பட்ட கை கொடி பிடிக்கத் தயங்கும். இதை மேலாளர்கள் நன்றாகவே அறிவார்கள். ஆகவே கடனற்ற வாழ்வு வெறும் வீட்டுச் சிக்கனம் அல்ல. அது சங்கத்தின் பலம். போராட்டமும் வேண்டும், கணக்கும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகையல்ல, துணை.

என்ன செய்யலாம்?

வேலை மாறும்போது பி.எப்.பைத் துடைத்து எடுக்காதீர்கள். புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். நடுவில் பணத்தை எடுத்தால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். 50 வயதிலேயே ஓய்வூதியம் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் 58க்கு முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும், ஆயுள் முழுவதும் குறையும்.

50 வயதானதும் வீட்டாரை உட்காரவைத்துக் கடன் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். அடகு நகையை 55க்குள் மீட்டுவிடுங்கள். அதன் பிறகு யாருக்கும் ஜாமீன் கையெழுத்து வேண்டாம். பிள்ளையின் திருமணமா? இரண்டு மாலை, உற்றார் சிலர், பதிவாளர் அலுவலகம், இது போதும். ஊர் மெச்ச நடத்திய திருமணத்துக்கு ஊர் வட்டி கட்டாது.

பணிக்கொடையை மறக்கவே கூடாது. 30 ஆண்டு உழைத்து, கடைசிச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், 26 நாள் மாதக் கணக்கில் ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் 2,59,615 ரூபாய் உங்களுடையது. கேட்டு வாங்குங்கள்.

மொத்தப் பணம் வந்ததும் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பலர் வருவார்கள். கொள்ளை வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, ஏமாந்தவர் கூட்டம் பெருகிய பிறகுதான் 1997இல் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அந்தப் பாடம் போதும். ஓராண்டுச் செலவை வங்கியில் வையுங்கள். மீதியைத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 வயது ஆகாவிட்டாலும், 55ஐத் தாண்டி ஓய்வு பெற்றவர், பணம் வந்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். 8 விழுக்காடு என்று கொண்டால், 10 லட்சத்துக்கு 20,000 ரூபாய்.

பி.எப். இல்லாத கட்டடத் தொழிலாளியும் சுமைத் தொழிலாளியும் என்ன செய்வது? நலவாரியத்தில் பதிந்து, காலந்தவறாமல் புதுப்பித்தால் 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. தொகை சிறிதுதான். அதையும் பதியாமல் இழப்பவர்கள் இருக்கிறார்களே, அதுதான் வேதனை!

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். மாதத்தில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரின் பி.எப். கணக்கையும் திறந்து பாருங்கள். பிடித்த பணத்தை நிர்வாகம் கட்டியிருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா, வாரிசு நியமனம் செய்யப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பிழை இருந்தால் இன்றே மனுக் கொடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு அலையவிடாதீர்கள்.

மாளிகை கேட்கவில்லை நாம். ஒழுகாத கூரை, இரண்டு வேளைச் சோறு, மருந்துக்குப் பணம், எவரைக் கண்டும் ஒளியாத வாழ்வு! உழைத்தவனுக்கு இவ்வளவும் உரிமை. உரிமையைச் சங்கம் போராடிப் பெறட்டும். பெற்றதை வட்டிக்காரரிடம் பறிகொடுக்காமல் வீடு காக்கட்டும்!