பற்றுச்சீட்டே எளியவன் வாள்!

ஏமாற்றப்பட்டவன் தலையிலடித்துக்கொண்டு வீடு திரும்புகிறான். ஏமாற்றியவனோ மறுநாளும் கடை திறக்கிறான். திருக்கோணமலை லிங்கநகரிலும் இதே கதை. தம்பலகாமத்து வயல் வரம்பிலும் இதே கதை. பழுதான பொருளை வாங்கிய ஆசிரியரும், முளைக்காத விதைநெல்லை வாங்கிய கமக்காரரும் இறுதியிற் கேட்பது ஒன்றே: "யாரிடம் போய் முறையிடுவது?"

முறையிட இடமில்லையா? இருக்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. குறித்த விலைக்கு மேல் விற்றலும், விலைப்பட்டியலை மறைத்தலும், பொய்யுரைத்து விற்றலும் அச்சட்டத்தின்படி குற்றங்கள். கேட்டவிடத்துப் பற்றுச்சீட்டு வழங்குவது வணிகனின் கடமை. அவன் காட்டும் கருணை அன்று. 1977 என்பதை ஆண்டென்று எண்ணற்க. அவ்வதிகாரசபையை அழைக்கும் தொலைபேசி இலக்கம் அது.

ஆயினும் ஒரு முடிச்சு உண்டு. பொருள் வாங்கிய மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடல் வேண்டும். நாளை பார்ப்போமென்று நாட்கடத்துவோன் தன் உரிமையைத் தன் கையாலேயே புதைக்கின்றான். சீட்டுமில்லை, தவணையும் கடந்தது என்றால் எந்த அதிகாரிதான் என் செய்வார்?

கடனுக்கு வருவோம். 2018 இல், வறட்சியால் வாடிய 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. திருக்கோணமலையும் அவற்றுள் ஒன்று. அதை இரக்கமென்று மட்டும் கொள்ளலாமா? நுண்கடன் நம் தாய்மாரின் கழுத்தை எவ்வளவு நெரித்ததென்பதற்கு அரசே தந்த ஒப்புதல் அன்றோ அது!

வங்கியோ நிதிக் கம்பனியோ அநீதி இழைத்தால் முதலில் அந்நிறுவனத்துக்கே எழுதுக. தக்க மறுமொழி கிட்டாவிடின், மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். காணியை ஈடுவைத்துக் கலங்குவோர்க்கு 1941 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வகுத்த கடன் இணக்க சபை உண்டு. ஆனால், மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வராமல் வாசலுக்கு வந்து பணம் நீட்டுபவன்மீது முறையிட 1935 உதவாது. ஆகவே கடன் பெறுமுன் கேட்கவேண்டிய முதற்கேள்வி வட்டி எவ்வளவு என்பதன்று, "உமது அனுமதிப்பத்திரம் எங்கே?" என்பதே.

அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிர்வாக மொழி தமிழ். எனவே முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுவோம். மறுமொழியையும் தமிழிலேயே கேட்போம். விளங்காத மொழியில் அச்சிட்ட கடன் ஒப்பந்தத்தில் ஒப்பமிட மறுப்போம்.

ஆட்சியாளர்க்கும் ஒன்று சொல்வோம். சட்டம் ஏட்டில் உறங்கினால் ஏழைக்கு என்ன பயன்? அதிகாரசபையின் அலுவலர் மாதமொருமுறையேனும் நம் கிராமங்களுக்கு வந்து, தமிழில் முறைப்பாடு கேட்கட்டும்.

கற்றோரே! ஆசிரியரே, எழுதுவினைஞரே, சட்டத்தரணியரே! கிழமைக்கு ஒரு மணி நேரம் அயலவரின் முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள். உழவரே! விதைக்கும் உரத்துக்கும் சீட்டுக் கேளுங்கள்; அதை உறுதிப்பத்திரம் போற் காத்து வையுங்கள். கேட்பவனுக்கே சட்டம் துணை. கேளாதவனுக்கு அது வெறுங் காகிதம்!