பேர் போட என்ன செலவு?

'நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வீடியோ கேம் பண்றோம் சார். கையில காசில்ல, படமெல்லாம் கூகுள்லேருந்து எடுத்துட்டோம்' என்றார் ஓர் இளைஞர்.

கூகுள் என்ன தர்ம சத்திரமா? அது தேடித் தரும், உரிமை தராது. காசில்லை என்பதும் சாக்குதான். ஓவியர் இறந்து 60 வருஷம் தாண்டினால் இந்தியச் சட்டப்படி படம் பொதுச் சொத்து. ரவிவர்மா போய்ச் சேர்ந்தது 1906-ல்! அவரோட சரஸ்வதியைத் தாராளமா எடுத்துக்கலாமே? புதுசாத்தான் வேணுமா? 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமத்தில் படம் தருகிறவர்கள் ஏராளம். சிலது, பேரையும் உரிமத்தையும் குறிப்பிட்டால் விற்கிற கேமிலேயே போடலாம். சிலது வியாபாரத்துக்குக் கூடாது. படித்துப் பார்க்க அஞ்சு நிமிஷம்.

தம்பிக்கு அதுக்கும் நேரமில்லை. நாளைக்கு அவர் கேமை எவனாவது காப்பியடிக்கட்டும்... முதல் ஆளா போலீஸ் ஸ்டேஷனில் நிற்பார்!