முதுமையிடம் நாம் கேட்கும் சான்றுகள்

முதுமை குற்றமன்று, வறுமையும் குற்றமன்று. ஆயினும் இவ்விரண்டும் ஒருவரிடம் ஒருங்கே வந்து சேர்ந்தால், அவர் அலுவலக வாயிலில் நின்று தம் நிலையை மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். முதியோர் உதவித்தொகையின் விதிகளைக் குறித்து நாம் இங்குச் சிந்திக்க விழைவது இதனாலேயே.

முதுமையிலும் நோயிலும் குடிமக்கள் பொது உதவி பெறுவதற்கு, அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வழிசெய்தல் வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு. தமிழகம் இதில் முந்திக்கொண்ட மாநிலம். 1962-ஆம் ஆண்டிலேயே திங்கள்தோறும் 20 ரூபாய் என இங்கு உதவித்தொகை தொடங்கப்பெற்றது. நடுவணரசு 1995 ஆகஸ்டு 15 முதல் தன் பங்காக 75 ரூபாய் வழங்க முன்வந்தது. தமிழக அரசு அத்தொகையை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. இவை பாராட்டத்தக்கவை. ஆனால், தொகை வளர்ந்த அளவுக்கு விதிகள் வளரவில்லை என்பதே நம் கருத்து.

தூத்துக்குடி மாநகரை ஒட்டிய மாப்பிள்ளையூரணியை எடுத்துக்கொள்வோம். இக்கரையில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. சங்குகுளிப்பும் மீன்பிடியும் உப்பள வேலையும் எஞ்சின. வெண்ணிற உப்பின் கூச்சத்தில் கண்ணையும், உவர்நீரில் காலையும் தேய்த்து நாட்கூலிக்கு உழைத்தவருக்கு ஓய்வூதியம் ஏது? இறுதியில் அவருக்கென எஞ்சுவது, குடியிருக்கும் சிறு வீடும் அது நிற்கும் ஓரிரு சென்ட் நிலமுமே.

இங்குதான் விதி குறுக்கிடுகிறது. உதவி பெறுவோரின் நிலையான சொத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 50,000 ரூபாயாக இருந்த அவ்வரம்பு பின்னர் 1,00,000 ரூபாயாயிற்று. ஆனால், நகரம் விரிய விரிய மனையின் விலையும் ஏறுகிறது. மூதாட்டியின் உலையில் அரிசி கூடவில்லை. ஏட்டில் மட்டும் அவர் சொத்துடையவர் ஆகிவிடுகிறார். வீட்டை விற்றால் தெரு, விற்காவிட்டால் பசி. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று முதுமையிடம் சொல்வது அறமாகுமா?

மற்றொன்று, 'ஆதரவற்றவர்' என்னும் சொல். பிள்ளைகள் இருப்பதும் பிள்ளைகள் பேணுவதும் ஒன்றல்ல. தன் மகன் தன்னைக் கவனிப்பதில்லை என்று ஊரறிய வாக்குமூலம் தர எத்தனைத் தாய்மார் துணிவர்? மகனின் மானத்தைக் காக்கத் தம் பசியை மறைப்பவரே பலர். உதவித்தொகை, தாயைப் பிள்ளைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தல் ஆகாது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள், இரந்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவருக்குப் பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலிலிருந்து உதவ ஆணையிட்டார்கள் என்னும் செய்தி இமாம் அபூயூசுஃபின் 'கிதாபுல் கராஜ்' நூலில் இடம்பெற்றுள்ளது. இளமையில் வரி பெற்ற அரசு, முதுமையில் கைவிடலாகாது என்பதே அதன் சாரம். அங்கே நோக்கப்பட்டவை முதுமையும் தேவையும் மட்டுமே.

விதிகளைத் தளர்த்தினால் தகுதியற்றோர் புகுந்துவிடுவர் என்பர் சிலர். வருமான வரி செலுத்துவோர் யார், அரசு ஓய்வூதியம் பெறுவோர் யார் என்பன அரசின் கையிலேயே உள்ள விவரங்கள். அவர்களை அரசே விலக்கிக்கொள்ளட்டும். இல்லாதவர், தமக்கு இல்லை என்பதற்குச் சான்று தேடி அலைவதைவிட அது எளிதன்றோ?

ஆகவே நாம் வேண்டுவன இவை: குடியிருக்கும் வீட்டையும் அதன் மனையையும் சொத்துக் கணக்கிலிருந்து நீக்குதல், பிள்ளைகள் இருப்பதை மட்டுமே காரணமாக்கி மறுக்காதிருத்தல், குறித்த நாளுக்குள் முடிவுசொல்லி, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருதல், உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை கருவியில் பதியாதபோது மாற்று வழியில் பணம் வழங்குதல், விலைவாசிக்கேற்பத் தொகையை ஆண்டுதோறும் உயர்த்துதல்.

ஓய்வூதியம் கருணைக்கொடை அன்று, உழைப்பால் ஈட்டிய உரிமை என்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் 1982-இல் தெளிவுபடுத்தியது. அது அரசு ஊழியர்க்கான தீர்ப்பு. நம் உணவுக்குச் சுவை சேர்க்கும் உப்பை விளைவித்தவருக்கு மட்டும் முதுமைக்கால உதவி கருணையாகவே இருப்பானேன்? கற்றறிந்தோரும், நாளை ஆட்சிப் பொறுப்பேற்கவிருக்கும் நம் மாணவச் செல்வங்களும் இவ்வினாவை நெஞ்சில் இருத்துவாராக!